காடும் கார்பனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காடு கார்பனைச் சேமிக்கிறது என்கிறார்கள். எங்கே, எந்த வடிவத்தில் சேமிக்கிறது?

காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இலை தன் நுண்துளைகள் வழியே எடுத்துக்கொண்டு, வேர் ஏற்றித் தரும் நீரோடு சேர்த்து, வெயிலின் ஆற்றலால் சர்க்கரையாக மாற்றுகிறது. இந்தச் சர்க்கரையில் ஏறத்தாழப் பாதியை மரம் தன் அன்றாட உயிர்ப்புக்கே செலவிட்டு, மீண்டும் கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் விட்டுவிடுகிறது. எஞ்சியது தண்டாகவும் கிளையாகவும் வேராகவும் இலையாகவும் உருப்பெறுகிறது. பின்னர் இலை உதிர்ந்து சருகாகிறது. மரம் பட்டுப்போய்க் கட்டையாகக் கிடக்கிறது. பூஞ்சைகளும் கறையான்களும் நுண்ணுயிர்களும் அவற்றைத் தின்று தீர்த்தது போக, மிஞ்சும் சிறு பங்கு மண்ணுக்குள் மட்காகத் தங்குகிறது.

ஆகவே வனக் கணக்கெடுப்பாளர்கள் தரைக்கு மேலுள்ள மரஞ்செடிகள், வேர்கள், பட்ட மரங்கள், சருகு, மண் ஆகிய ஐந்து இருப்புகளைத் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2020இல் வெளியிட்ட உலகக் காடுகள் மதிப்பீட்டின்படி, 406 கோடி ஹெக்டேர் காடுகளில் 66,200 கோடி டன் கார்பன் இருந்தது. அதில் உயிருள்ள மரஞ்செடிகளில் இருந்தது 44 விழுக்காடு, மண்ணில் இருந்தது 45 விழுக்காடு. இன்றைய வளிமண்டலம் முழுவதிலும் உள்ள கார்பன் ஏறத்தாழ 90,000 கோடி டன் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், காடுகளின் இருப்பு எத்தனை பெரியது என்பது விளங்கும்.

ஒரு மரத்தில் எவ்வளவு கார்பன் இருக்கும்?

ஈரம் முழுவதும் நீங்கிய மரத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கார்பன். 1,000 கிலோ உலர் எடையுள்ள ஒரு மரத்தில் 470 கிலோ கார்பன் இருப்பதாகக் கொள்ளலாம். கார்பன் ஆக்சிஜனோடு சேரும்போது எடை 3.67 மடங்காகும் என்பதால், அந்த மரம் காற்றிலிருந்து எடுத்துவைத்திருப்பது சுமார் 1,725 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதாவது, பல பத்தாண்டுகள் நின்று வளர்ந்த ஒரு பெரிய மரத்தின் வாழ்நாள் சேமிப்பு, 750 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். கல்லூரி வளாகத்தில் நூறு கன்று நட்டுவிட்டு அந்த ஆண்டின் புகைக்குக் கணக்குத் தீர்ந்தது என்று அறிவிப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சேமித்த கார்பனைக் காடு ஏன் திரும்ப வெளியிடுகிறது?

வெளியிடாத காடு எதுவும் இல்லை. மரம் மூச்சுவிடுகிறது, சருகு மட்குகிறது, விழுந்த மரம் உளுத்துப்போகிறது, சில ஆண்டுகளில் தீயும் வருகிறது. ஓர் ஏரியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். வரத்துக்கால் வழியே நீர் வருகிறது, மதகு வழியே போகிறது. வரத்தும் போக்கும் எத்தனை பெரிதாக இருந்தாலும் ஏரியில் நிற்கும் நீரை முடிவு செய்வது அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான். கரை உடைந்தால் பல மழைக்காலங்களில் சேர்ந்தது ஒரே இரவில் போய்விடும். காட்டின் கார்பன் கணக்கில் பெரும்பாலான குழப்பங்கள், வரத்தையும் இருப்பையும் ஒன்றாக எண்ணுவதால் நேர்பவை.

இந்த வரத்தையும் போக்கையும் ஹவாயில் உள்ள மௌனா லோவா மலைச்சரிவில் 1958 முதல் நடந்துவரும் அளவீட்டில் நேரடியாகக் காணலாம். அங்குக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஆறேழு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆறேழு பங்கு) அளவுக்கு இறங்கி, பின் மீண்டும் ஏறுகிறது. வட அரைக்கோளத்தின் காடுகளும் பிற தாவரங்களும் கோடையில் தழைத்து, இலையுதிர்ந்து, மட்குவதன் தடம் அது. ஆண்டுதோறும் அந்த உச்சி சற்று மேலே போய்க்கொண்டிருப்பதற்குக் காரணம் நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஆகியவற்றின் புகையும் காடழிப்பும் ஆகும்.

மொத்தத்தில் உலகக் காடுகள் கார்பனை வாங்குகின்றனவா, விடுகின்றனவா?

இதுவரை, விடுவதைவிட வாங்குவதே அதிகம். செயற்கைக்கோள் படங்களையும் தரை அளவீடுகளையும் இணைத்து 2021இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 2001 முதல் 2019 வரை காடுகள் ஆண்டுக்குச் சராசரியாக 1,560 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டன. காடழிப்பு, தீ, பிற சிதைவுகளால் 810 கோடி டன் வெளியேறியது. நிகரமாக நின்றது ஏறத்தாழ 750 கோடி டன். புதைபடிவ எரிபொருள்களால் உலகம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏறக்குறைய 3,700 கோடி டன்னில் இது ஐந்தில் ஒரு பங்கு.

காடுகள் தாமாக மேலும் மேலும் வாங்கிக்கொள்வதற்குப் பல காரணங்கள் உண்டு. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடியிருப்பதால் ஒளிச்சேர்க்கை ஓரளவு வேகம் கொள்கிறது. முன்பு வெட்டப்பட்ட நிலங்கள் பல நாடுகளில் மீண்டும் காடாகி வருகின்றன. குளிர்நாடுகளில் தழைக்கும் பருவம் நீண்டிருக்கிறது. ஆயினும் இவற்றுக்கு எல்லை உண்டு. நீரும் பாஸ்பரசும் நைட்ரஜனும் போதாத இடத்தில், காற்றில் எவ்வளவு கார்பன் இருந்தாலும் மரத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ள இயலாது. வெப்பமண்டலத்தின் கைபடாத காடுகளில் மரங்களுக்கு எண் கட்டிப் பல பத்தாண்டுகளாக அளந்துவந்த ஆய்வாளர்கள், அக்காடுகள் ஆண்டுதோறும் சேர்க்கும் கார்பன் 1990களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைந்துவருவதை 2020இல் எடுத்துக்காட்டினர். உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2023க்கும் 2024க்கும் இடையில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 3.5 பிபிஎம் கூடியது. இது 1957இல் நவீன அளவீடு தொடங்கிய பிறகு ஓராண்டில் கண்ட மிகப் பெரிய ஏற்றம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ தந்த வறட்சியாலும் தீயாலும் நிலமும், கடலும் வழக்கத்தைவிடக் குறைவாக வாங்கியது அதற்கான காரணங்களுள் ஒன்று.

அமேசான் உலகின் நுரையீரல் என்பது சரியா?

ஆக்சிஜனைப் பொறுத்தவரை சரியன்று. அமேசான் உண்டாக்கும் ஆக்சிஜனை ஏறக்குறைய முழுவதுமாக அங்குள்ள உயிர்களும் மட்கும் சருகும் செலவழித்துவிடுகின்றன. அக்காட்டின் உண்மையான முக்கியத்துவம் அங்குத் தேங்கியுள்ள கார்பனிலும் அது தென் அமெரிக்காவுக்கு அனுப்பும் மழையிலும் இருக்கிறது.

அந்தத் தேக்கம் ஒரு மூலையில் ஏற்கெனவே கசிகிறது. பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லூசியானா காட்டி தலைமையிலான குழு, 2010 முதல் 2018 வரை சிறிய விமானங்களில் நாலு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து தாழ்வாக இறங்கியபடியே காற்றைக் குடுவைகளில் பிடித்து ஆராய்ந்தது. 2021இல் வெளியான முடிவின்படி, தென்கிழக்கு அமேசான் தான் வாங்குவதைவிடக் கூடுதலான கார்பனை வெளியிடுகிறது. மேய்ச்சலுக்காகவும் சோயாவுக்காகவும் காடு மிகுதியாக அழிக்கப்பட்டதும் அந்தப் பகுதிதான். மழையற்ற மாதங்களில் வெப்பம் வெகுவாகக் கூடியிருப்பதும் அங்கேதான். மரங்களை வெட்டியதால் மழை குறைந்து, மழை குறைந்ததால் நிற்கும் மரங்களும் நலிந்து, நலிந்த காட்டில் தீ எளிதாகப் பரவும் சுழல் அது.

முதிர்ந்த காடு வளர்வதில்லை. அதை வெட்டிவிட்டு வேகமாக வளரும் மரங்களை நட்டால் கூடுதல் கார்பன் சேருமே?

தோட்டக்கலை நோக்கில் இந்த வாதம் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஓர் இளந்தோட்டம் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் சேர்ப்பது முதிர்ந்த காடு சேர்ப்பதைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. ஆனால் வெட்டிய அன்றே கிளையும் வேரும் சருகும் கழிவாகி மட்கத் தொடங்குகின்றன. மண் வெயிலுக்குத் திறந்து தன் மட்கை இழக்கிறது. அறுத்தெடுத்த மரத்திலும் பாதியளவு மரத்தூளாகவும் விறகாகவும் காகிதமாகவும் சில ஆண்டுகளிலேயே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. அந்தக் கடனை அடைக்கவே புதிய தோட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதற்குள் அதை மீண்டும் வெட்டிவிடுவார்கள் என்பதுதான் தோட்டத்தின் இயல்பு.

முதிர்ந்த காடு வளர்வதில்லை என்பதும் முழு உண்மையன்று. 403 மர இனங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, பெரும்பாலான இனங்களில் மரம் பருக்கப் பருக்க அது ஆண்டுதோறும் சேர்க்கும் எடையும் கூடிக்கொண்டே போவதைக் காட்டியது. பெருமரம் ஒன்று ஓராண்டில் சேர்க்கும் எடை, நடுத்தர மரம் ஒன்றின் மொத்த எடைக்கு நிகராக இருப்பதும் உண்டு.

காட்டுத்தீ எல்லாமே ஒரே அளவு தீங்குதானா?

இல்லை. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் உள்ளவை போன்ற இலையுதிர் காடுகளில் பிப்ரவரி முதல் மே வரை பற்றும் தீ பெரும்பாலும் தரையோடு ஓடும் தீ. சருகும் காய்ந்த புல்லும் எரிகின்றன. தடித்த பட்டையுள்ள தேக்கும் வெக்காலியும் பிழைத்துக்கொள்கின்றன. எரிந்த புல்லின் கார்பன் அடுத்த மழைக்காலத்திலேயே பெருமளவு புல்லாகத் திரும்பிவிடுகிறது. ஆனால் அதே இடத்தில் ஆண்டு தவறாமல் தீ வைக்கப்பட்டால் கன்றுகள் எழுவதே இல்லை. முதிய மரங்கள் விழும்போது அவற்றின் இடத்தை நிரப்ப ஆளில்லாத காடு மெல்லக் கார்பனை இழக்கிறது. உண்ணிச்செடிப் புதர் மண்டிய இடங்களில் தீ மேலும் உயரமாகவும் கடுமையாகவும் எரிவது தனிச் சிக்கல்.

கனடாவின் வடக்குக் காடுகள் வேறு கணக்கு. அங்கு 2023இல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேர் எரிந்தது. மே முதல் செப்டம்பர் வரை வெளியேறிய கார்பன் 64.7 கோடி டன் எனச் செயற்கைக்கோள் அளவீடுகளிலிருந்து மதிப்பிட்டுள்ளனர். சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்றைத் தவிர வேறெந்த நாட்டின் ஓராண்டுப் புதைபடிவ எரிபொருள் உமிழ்வும் அந்த அளவை எட்டுவதில்லை. அங்கே மரம் மட்டுமன்றி, குளிரால் மட்காமல் நூற்றாண்டுக் கணக்கில் தரையில் அடுக்கடுக்காகக் கிடந்த பாசியும் சருகும் சேர்ந்து எரிகின்றன.

கோடரியும் தீயும் இல்லாமலே ஒரு காடு கார்பனை விடத் தொடங்குமா?

தொடங்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் பைன் மரப்பட்டைக்குள் முட்டையிடும் அரிசி அளவே ஆன வண்டு ஒன்று உண்டு. முன்பெல்லாம் கடுங்குளிர் அதன் புழுக்களில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். குளிர்காலம் இளகியதும் அவை பிழைத்துப் பெருகி, கோடிக்கணக்கான மரங்களைக் காயவைத்தன. 2000 முதல் 2020 வரையிலான காலத்தில் வண்டின் தாக்குதலால் அக்காடு இழக்கும் கார்பன் 27 கோடி டன்னாக இருக்கும் என்று 2008இல் மதிப்பிடப்பட்டது. கார்பனை வாங்கிவந்த காடு விடும் காடாக மாறியது. ஜெர்மனியிலும் 2018க்குப் பிறகு வந்த தொடர் வறட்சியும் பட்டை வண்டும் சேர்ந்து ஸ்புரூஸ் எனும் ஊசியிலை மரத் தோட்டங்களை அழித்தன. அந்நாட்டின் 2022 காடுகள் கணக்கெடுப்பு, 2017க்குப் பின் காட்டின் இருப்பு குறைந்திருப்பதைக் கண்டறிந்தது. ஒரே இனத்தை நேர்வரிசையில் நட்ட காடு எவ்வளவு எளிதில் சரியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பீட் நிலக்காடுகளைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள்?

நீர் எப்போதும் தேங்கி நிற்கும் காட்டில் விழும் இலையும் கிளையும் ஆக்சிஜன் இல்லாமையால் முழுதாக மட்குவதில்லை. அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, கருப்பான, பஞ்சு போன்ற மண்ணாகின்றன, இதுவே பீட். இந்தோனேசியாவின் போர்னியோ, சுமத்திரா தீவுகளில் இப்படிவு சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல் ஆழமானது. மேலே நிற்கும் மரங்களைப்போலப் பல மடங்கு கார்பன் கீழே இருக்கிறது. நீர் இருக்கும்வரை அது கல்லறைபோல் அசையாது. நீரை வடித்துவிட்டால் விறகு.

1996இல் அதிபர் சுகார்த்தோவின் அரசு, போர்னியோ தீவில் உள்ள நடுக் கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தை நெல் வயலாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அமில மண்ணில் நெல் விளையவில்லை. நீர் மட்டும் வடிந்தது. மறு ஆண்டே எல் நினோ வறட்சி வந்தது. நிலத்தைத் துப்புரவாக்க வைத்த தீ காய்ந்த பீட்டுக்குள் இறங்கி, மழை வரும்வரை மாதக்கணக்கில் தரைக்கடியில் புகைந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் புகைமூட்டத்தில் மூழ்கின. 1997இல் இந்தோனேசியாவின் பீட்டும் காடும் எரிந்து வெளியேறிய கார்பன் 81 கோடி டன்னுக்கும் 257 கோடி டன்னுக்கும் இடைப்பட்டது என்று 2002இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அக்காலத்தில் உலகம் முழுவதும் ஓராண்டில் புதைபடிவ எரிபொருள் வெளியிட்ட கார்பனில் அது 13 முதல் 40 விழுக்காடு. நெல்லுக்காகத் தொடங்கிய அத்திட்டம் 1999இல் கைவிடப்பட்டது.

தீ வராத ஆண்டுகளிலும் வடிந்த பீட் சும்மா இருப்பதில்லை. காற்றுப் பட்டதும் அது மட்கத் தொடங்குகிறது. எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் தரை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கீழிறங்குவது அதனால்தான். 2015இல் மீண்டும் பெருந்தீ ஏற்பட்ட பிறகு, 2016இல் இந்தோனேசியா பீட் நிலச் சீரமைப்புக்கென ஒரு தனி அமைப்பை நிறுவி, வடிகால்களை அடைத்து நிலத்தை மீண்டும் நனைக்கும் பணியைத் தொடங்கியது. காங்கோ படுகையின் நடுவில் ஏறத்தாழ 1,45,500 சதுர கிலோமீட்டரில் 3,000 கோடி டன் கார்பன் கொண்ட பீட் நிலம் இருப்பது 2017இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. கலிமந்தானில் செய்ததை அங்கே செய்யாதிருந்தாலே போதும்.

அலையாத்திக் காடுகள் பரப்பில் சிறியவை. அவற்றால் என்ன பயன்?

அவற்றின் கார்பனும் பெரும்பாலும் சேற்றில்தான் இருக்கிறது. உப்பு நீர் ஏறி இறங்கும் சேற்றில் ஆக்சிஜன் இல்லை; ஆறு கொண்டுவரும் வண்டலும் உதிரும் இலையும் வேரும் அங்கேயே புதைந்துவிடுகின்றன. இந்தோ-பசிபிக் பகுதியில் 25 அலையாத்திக் காடுகளை அளந்த 2011 ஆய்வில் ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன் இருந்தது. இது பெரும்பாலான மழைக்காடுகளில் உள்ளதைவிடப் பன்மடங்கு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் சுரபுன்னையையும் வெண்கண்டலையும் தில்லையையும் காப்பது புயலுக்கும் மீனுக்கும் மட்டுமன்றி இதற்காகவும் தேவை. இறால் பண்ணைக்காகச் சேற்றைத் தோண்டிப் போடும்போது, மரத்தோடு சேர்த்து அடியில் புதைந்திருந்ததும் காற்றைப் பார்க்கிறது.

இந்தியக் காடுகளில் எவ்வளவு கார்பன் இருக்கிறது? அரசு சொல்லும் கணக்கை எப்படிப் படிக்க வேண்டும்?

இந்திய வன ஆய்வு நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கை, காடுகளில் உள்ள கார்பனை 728.55 கோடி டன் என்கிறது. அதில் பாதிக்கு மேல் மண்ணில் உள்ளது. முந்தைய மதிப்பீட்டைவிட இது 8.15 கோடி டன் கூடுதல். ஈராண்டு இடைவெளி என்று கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்ததாகும். நாட்டின் புதைபடிவ எரிபொருள் உமிழ்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 300 கோடி டன். ஆகவே காடுகள் ஈடு செய்வது இருபதில் ஒரு பங்கு. பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் 2030க்குள் காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குத் தேக்கத்தை உருவாக்குவதாக இந்தியா உறுதியளித்துள்ளது. 2005ஐ அடிப்படையாகக் கொண்டு அதில் 229 கோடி டன் எட்டப்பட்டுவிட்டதாக அதே அறிக்கை கூறுகிறது.

இந்த எண்களைப் படிக்கும்போது வரையறையை மறக்கக் கூடாது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், மர விதானம் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால், அந்த நிலம் யாருடையது, அங்கு நிற்பது என்ன மரம் என்று பாராமல் அது வனப்பரப்பாகக் கணக்கிடப்படுகிறது. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் ரப்பர் தோட்டமும் களக்காட்டு மழைக்காடும் மொத்தக் கூட்டலில் ஒரே பெயரில் நிற்கின்றன. அடர்த்தியைப் பிரித்துக் காட்டினாலும், தலைப்புச் செய்தியாவது நாட்டின் பரப்பில் வனத்தின் பங்கைச் சொல்லும் ஒற்றை விழுக்காடுதான். வடகிழக்கு மாநிலங்களில் 327 சதுர கிலோமீட்டர் வனப்பரப்பு குறைந்ததை இதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. அங்கே இழந்த பழங்காட்டை, வேறொரு மாநிலத்தில் புதிதாக எழுந்த தோப்பு பரப்பில் ஈடு செய்யலாம். கார்பனில் ஈடு செய்யப் பல தலைமுறை ஆகும். பரப்பைவிட இருப்பைப் பார்ப்பதே நேர்மையான வாசிப்பு என்பது என் கருத்து.

வெறும் புல்வெளிகளில் மரம் நட்டால் நல்லதுதானே?

நீலகிரியிலும் பழனி மலையிலும் இதைச் செய்து பார்த்தாகிவிட்டது. மலையுச்சிகளில் சோலைக்காடு மடிப்புகளிலும், புல்வெளி மேடுகளிலும் அடுத்தடுத்து இருப்பது அங்குள்ள இயற்கை அமைப்பு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பிறகும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் கூழுக்காகவும் விறகுக்காகவும் அப்புல்வெளிகளில் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் நடப்பட்டன. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் வேரிலும் மண்ணிலும் உள்ளது; தீ மேலே ஓடினாலும் அது அசையாது. மரம் நட்டால் தரைக்கு மேல் கார்பன் சேரும் என்பது உண்மையே. அந்தச் சேமிப்பு எரியக்கூடிய, வெட்டக்கூடிய இடத்துக்கு மாறிவிடுகிறது. பைக்காராவுக்கும் பவானிக்கும் ஊற்றாக இருந்த ஈரம் குறைகிறது. வரையாட்டுக்கு மேய்ச்சல் இல்லாமல் போகிறது. சீகையை அகற்றும்போது கொஞ்சம் கார்பன் வெளியேறத்தான் செய்யும். அதை ஏற்றுக்கொண்டே தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கான கொள்கையை வகுத்தது. அது சரியான முடிவு.

சீமைக்கருவேலமும் கார்பனைச் சேமிக்கிறதே, அதை மட்டும் ஏன் வெட்டச் சொல்கிறார்கள்?

சேமிக்கிறது, மறுப்பதற்கில்லை. இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதால், சேமித்ததில் பெரும்பகுதி சில மாதங்களிலேயே காற்றுக்குத் திரும்புகிறது. அடிமரம் மறுபடியும் துளிர்த்து அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. கார்பன் கணக்கில் இது பெரிய லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. கண்மாய்க்குள் அது நிற்க வேண்டுமா என்பதை நீரையும் மேய்ச்சலையும் பிற மரங்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மரத்தால் வீடு கட்டுவதும், விறகை எரித்து மின்சாரம் எடுப்பதும் கார்பனுக்கு நல்லவையா?

இரண்டும் ஒன்றல்ல. செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களில், நூறாண்டுக்கும் முன்னர் அந்நாட்டுக் காற்றிலிருந்து எடுக்கப்பட்ட கார்பன் இன்னமும் காரைக்குடிப் பக்கம் பத்திரமாக இருக்கிறது. காட்டில் வெட்டிய இடம் மீண்டும் காடானால் இத்தகைய பயன்பாடு லாபமே. ஆகாவிட்டால் அந்தத் தூண் ஓர் இழப்பின் மிச்சம்.

மின்சாரத்துக்காக எரிப்பதில் ஒரு கணக்கு நுணுக்கம் இருக்கிறது. பன்னாட்டு விதிகளின்படி, மரத்தை எரிக்கும் மின்நிலையம் தன் புகைபோக்கியில் வெளியேறும் கார்பனைச் சுழியம் என்று காட்டலாம். ஏனெனில் அந்த இழப்பு மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. பிரிட்டனின் டிராக்ஸ் மின்நிலையம் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து மரச் சிறுகட்டிகளை இறக்குமதி செய்து எரிப்பது இந்த விதியின் நிழலில்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மரம் நிலக்கரியைவிடக் குறைவான கார்பனை விடுவதில்லை. அது மீண்டும் வளரும் என்பதே அதன் நியாயம். வளர ஆகும் பல பத்தாண்டுகளைக் காற்று காத்திருந்து கழித்துக்கொள்வதில்லை.

இவ்வளவையும் எப்படி அளக்கிறார்கள்?

அடிப்படை வேலை பழையது: மார்பளவு உயரமான 1.37 மீட்டரில் மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்து, சுற்றளவிலிருந்தும் இனத்தின் அடர்த்தியிலிருந்தும் எடையைக் கணக்கிடுவது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988 முதல் 50 ஹெக்டேர் பரப்பில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண் கொடுத்து அளந்துவருகிறார்கள். யானை முறித்தது, தீயில் கருகியது, வறட்சியில் காய்ந்தது எல்லாம் பதிவாகும் அத்தகைய நெடுங்காலப் பதிவேடுகள் இல்லாமல் செயற்கைக்கோள் படத்துக்குப் பொருளே கிடையாது.

விதானத்துக்கு மேல் கோபுரம் எழுப்பி, ஏறி இறங்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று நொடிக்குப் பலமுறை அளப்பது இன்னொரு முறை. காசிரங்காவிலும் பிச்சாவரத்திலும் இத்தகைய கோபுரங்கள் நிறுவப்பட்டன. வானிலிருந்து அளப்பதில் அண்மையில் பெரிய முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. ஐரோப்பிய விண்வெளி முகமை காட்டின் எடையை அளப்பதற்கென்றே ஒரு ரேடார் செயற்கைக்கோளை 2025 ஏப்ரலில் ஏவியது. இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய நிசார், அதே ஆண்டு ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. இந்த ரேடார்கள் முகிலையும் இலையையும் ஊடுருவிக் கிளைகளையும் தண்டையும் உணரக்கூடியவை. மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைப் படமெடுக்க இயலாமல் தவித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மண்ணுக்குள் இருப்பதை மட்டும் இன்னமும் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

காட்டைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படும் கார்பன் வரவுகளை நம்பலாமா?

ஒரு நிறுவனம் தான் விட்ட புகைக்கு ஈடாக, எங்கோ ஒரு காடு வெட்டப்படாமல் காக்கப்பட்டதற்கான வரவை வாங்குகிறது. வாங்குபவர் கேட்க வேண்டியவை மூன்று. பணம் தராவிட்டால் அந்தக் காடு உண்மையிலேயே வெட்டப்பட்டிருக்குமா? இங்கே காக்கப்பட்டதால் பக்கத்துக் காட்டுக்குக் கோடரி போனதா? நாளை தீ வந்தால் யார் பொறுப்பு? ஆறு நாடுகளில் இத்தகைய திட்டங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு, பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை என்றும், குறைத்தவையும் தாம் சொன்ன அளவுக்குக் குறைக்கவில்லை என்றும் கண்டது.

மூன்றாம் கேள்விதான் கடினமானது. நிலக்கரியிலிருந்து வெளியேறிய கார்பன் காற்றிலும் கடலிலுமாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். காட்டுக்கு எழுதப்படும் உத்தரவாதம் பொதுவாக நாற்பது முதல் நூறு ஆண்டுகள். ஆகவே காட்டைக் காப்பதற்குப் பணம் கொடுப்பது நல்ல செயல். அதைச் சொந்தப் புகைக்கணக்கில் கழித்துக்கொள்வது வேறு செயல். முன்னதை மட்டும் செய்து, பின்னதைக் கோராத நிறுவனங்கள் சில உள்ளன. அவற்றின் அறிக்கைகளில் காட்டுக்கான தொகையும் உமிழ்வுக் குறைப்பும் தனித்தனி வரிகளாக இருக்கும்.